மேற்குச் சுவரும் கறிபாப் மடிப்பும்

ஸ்கூடாயில் எங்கள் அடுப்படி மேற்குப் பார்த்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தச் சுவர் வெளியே சுடுவதில் வியப்பில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு உள்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். சுவர் இன்னும் வெதுவெதுவென்று இருக்கும். அடுப்பை அணைத்த பிறகு கடைசித் தோசையைக் கல்லின் சூட்டிலேயே சுட்டு எடுக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கல் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். செங்கல்லும் இரண்டு பக்கச் சிமெண்டுப் பூச்சும் சேர்ந்த நம் தாமான் வீட்டுச் சுவர், நிமிர்த்தி வைத்த தோசைக்கல்தான். அந்த அறையில் ஏர்கோனைத் தட்டிவிட்டால் அது முதலில் நம்மைக் குளிர்விப்பதில்லை, கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

கல்லுக்கும் தீக்கும் நடுவே எதையாவது வைக்கலாமே? வைக்கலாம். ஆனால் எந்தப் பக்கம் வைப்பது? அறைக்குள் சுவரை ஒட்டிப் பலகை அடித்தால், கல் தன் பாட்டுக்கு வெயிலில் வெந்துகொண்டுதான் இருக்கும். நாம் கைப்பிடித் துணியால் அதைத் தொடுகிறோம், அவ்வளவே. வெளியே வைத்தால் தீ கல்லைத் தொடாது. சுவருக்கு வெளியிலிருந்து ஒரு சட்டை மாட்டுகிற இந்த இரண்டாவது வழிக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. சுருக்கி ஈஃப்ஸ் என்பார்கள். அமெரிக்காவில் பேச்சுவழக்கில் சிந்தெடிக் ஸ்டக்கோ. தமிழில் சொன்னால் செயற்கைச் சுதை.

சுதை நமக்குப் புதிய சொல்லல்ல. கோபுரத்தில் நிற்கும் யாளியும் துவாரபாலகரும் சுதைதான்: சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறிய நீர், வெல்லம். அந்தச் சுதையின் குணம் மண்பானையின் குணம். மழையில் கொஞ்சம் குடிக்கும், வெயிலில் அதை விட்டுவிடும். ஜோகூர் பாருவில் தான் ஹியோக் நீ சாலையின் பழைய கடைவீடுகளைப் போன்ற சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்களுக்கும் இதே குணம். அவற்றின் மேல் இன்றைய பிளாஸ்டிக் சாயத்தை அடித்தால், குடித்த தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் சாயத்தைக் கொப்பளமாகத் தள்ளிவிடும். செயற்கைச் சுதையோ மண்பானை இல்லை. அது மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா. தண்ணீரை உள்ளே விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும். எப்படியோ நுழைந்துவிட்டால், வெளியேயும் விடாது. இதன் பெருமை, சிறுமை இரண்டும் இந்தக் குணத்தில்தான் இருக்கிறது.

சட்டை எப்படித் தைக்கப்படுகிறது என்று பார்ப்போம்.

முதல் அடுக்கு, பாசார் மீன் கடையில் தினமும் பார்க்கும் அதே வெள்ளைப் பொருள், போலிஸ்தரின் பலகை. இது பிறந்ததே ஓர் அடுப்புச் சம்பவத்தில். 1949இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி என்ற வேதியியலாளர், ஒரு பழைய ஷூ பாலிஷ் டப்பாவில் மாதிரிப் பொருளை ஊற்றிச் சூட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது நுரை தூணாக எழும்பி, டப்பாவின் மூடியைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றது. இன்றைக்கும் செய்முறை ஏறத்தாழ அதுதான். ஜவ்வரிசி அளவு மணிகளுக்குள் பென்டேன் என்ற வாயுவை அடைத்திருப்பார்கள். ஆவி காட்டினால் மணி மிருதுவாகும், உள்ளே இருக்கும் வாயு விரியும், மணி பொரியாக உப்பும். 40 மடங்கு வரைகூடப் பெருகும். உப்பியதை அச்சில் போட்டு மறுபடியும் ஆவி காட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிப் பொரி உருண்டை ஆகும். வட்டமாக இல்லாமல் சதுரமாக, பாகு இல்லாமல் தன் உருகலிலேயே ஒட்டிய உருண்டை. பிறகு சூடான கம்பியால் பலகைகளாக அறுக்கிறார்கள்.

இதில் சுமார் 98 விழுக்காடு காற்று. ஒரு கன மீட்டர் பலகை 16 கிலோ சுற்றித்தான் இருக்கும். அதே அளவு செங்கல்லுக்கு லாரி வேண்டும். வெப்பத்தைத் தடுப்பது அந்தப் பொருளே அல்ல, அதற்குள் சிறைப்பட்ட காற்று. கிளறவே முடியாத காற்று, சூட்டைக் கைமாற்றுவதில் மகா சோம்பேறி. இரண்டு அங்குலப் பலகை தடுக்கும் சூட்டைச் செங்கல்லால் தடுக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர் கனத்துக்குச் சுவர் எழுப்ப வேண்டும்.

பலகையைச் சுவரில் ஒட்டுவதற்குப் பல் வெட்டிய கரணையால் பசையை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுப்பார்கள். கோடு ஏன் மேலிருந்து கீழாக என்பதற்குப் பின்னால் வருகிறேன். இந்தக் கதையின் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது கீழ்ப்பூச்சு. அக்ரிலிக் பசையும் சிமெண்டும் கலந்த மாவு. அதில் கண்ணாடி நாரில் நெய்த வலையைப் பதிக்க வேண்டும். இட்லித் துணியை நனைக்காமல் மாவை ஊற்றினால் என்ன ஆகும்? மாவு இழைக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும், இட்லியைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். சமையலில் அது தப்பு. இங்கே அந்தப் பிடிதான் வேண்டும். ஆகவே வலையை முதலில் பலகைமேல் விரித்து அதன்மேல் மாவைத் தடவக் கூடாது. மாவைத் தடவி, ஈரம் காய்வதற்குள் வலையை அதற்குள் அமுக்க வேண்டும். காய்ந்த பிறகு வலையின் நிறம் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் மாவு போதவில்லை, அல்லது ஆள் அவசரக்காரர். வலைக்கும் ஒரு முன்னேற்பாடு உண்டு. சிமெண்டு காரமானது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு வெந்துபோவதுபோல் அந்தக் காரம் கண்ணாடி நாரை அரித்துத் தின்றுவிடும். அதனால் நெய்த வலைக்கு மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரண வலையை வாங்கிப் பதித்தால், நாளடைவில் மாவுக்குள் வலை இருந்த தடம் மட்டும் மிஞ்சும்.

ஜன்னலின் நாலு மூலையிலும் குறுக்காக ஒரு துண்டு வலை கூடுதலாக வைப்பார்கள். மசாலாப் பொட்டலத்தில் சின்னதாக வெட்டுவிட்ட இடத்தில் கிழிசல் எப்படிச் சுலபமாக ஓடுகிறதோ, அப்படித்தான் சுவரில் வெடிப்பு ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பும். குறுக்குத் துண்டு அதன் வழியை மறிக்கிறது.

மேல்பூச்சு என்பது அக்ரிலிக் பசை, மணல், நிறம். கரகரப்பாக இருப்பது மணலால். கீழ்ப்பூச்சையும் மேல்பூச்சையும் சேர்த்தால் ஒரு கனத்த தோசையின் அளவுகூட வராது, நாலைந்து மில்லிமீட்டர்தான். வெயிலையும் மழையையும் எதிர்கொள்வது அந்தத் தோசைதான். கைமுட்டியால் தட்டினால் தொம் தொம் என்று கேட்கும். லாரி பின்னால் வந்து முட்டினால் பள்ளம் விழும்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. சூடான எண்ணெய்ப் பலகாரத்தைப் போலிஸ்தரின் பெட்டியில் போட்டுத் தப்பாவ் வாங்கி, வீடு வருவதற்குள் பெட்டி சுருங்கி ஓட்டையானதைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 75 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் வைத்தால் இந்தப் பலகை தளரத் தொடங்கும். கறுப்போ கருநீலமோ அடித்த மேற்குச் சுவரின் மேல்தோல் அந்த எல்லையைத் தொடக்கூடும், ஏனென்றால் பின்னால் இருக்கும் பலகை சூட்டை உள்ளே இறங்கவிடுவதில்லை, எல்லாம் தோலிலேயே தேங்குகிறது. ஆகவே வெளிர்நிறம்தான். அடுக்குமாடிகளுக்கு அடர்சாம்பல் பூசுவதில் இப்போது ஒரு மோகம் தெரிகிறது. இந்தச் சட்டை போட்ட சுவருக்கு அது ஒத்துவராது.

இனி தண்ணீர்.

இந்த வித்தை 1950களில் ஜெர்மனியில் எட்வின் ஹோர்பாக் என்பவரின் கையில் உருவானது. போரில் இடிந்த ஊர்களை மறுபடி எழுப்பிய காலம். அங்கே பெரும்பாலும் கல், செங்கல், கான்கிரீட் சுவர்கள். கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் கல் அழுகிவிடாது. 1969இல் ஃபிராங்க் மோர்சில்லி இதை டிரைவிட் என்ற பெயரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். எண்ணெய் நெருக்கடி வந்ததும் மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க எல்லோரும் இதை மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்க வீடு மரச் சட்டத்தில் நிற்பது. 1990களின் நடுவில் வட கரோலினாவின் வில்மிங்டன் ஊரில் ஒவ்வொரு வீடாகத் திறந்து பார்த்தபோது, வெளியே பூச்சு கல்யாண வீட்டு முகப்புப்போல் பளபளவென்று இருந்தது. உள்ளே மரம் சொதசொதத்துக் கிடந்தது. பூச்சின் வழியாகத் தண்ணீர் போகவில்லை. ஜன்னல் ஓரத்தில், கூரை வந்து சுவரில் முட்டும் இடத்தில், குழாய் நுழையும் ஓட்டையில் போயிருந்தது. போனது திரும்ப வழியில்லாமல் தங்கிவிட்டது. வழக்குகள் வரிசைகட்டின.

ஜோகூர்காரர்களுக்கு இதைச் சொல்ல கறிபாப் போதும். கறிபாப்பின் மேல்தோல் எவ்வளவு அழகாகப் பொரிந்தாலும், உருளைக்கிழங்கின் கதி விளிம்பில்தான் இருக்கிறது. விரலால் மடித்து மடித்து அழுத்தும் அந்த விளிம்பை மலாய்க்காரர்கள் கெலிம் என்பார்கள். ஒரு மடிப்பு தளர்ந்தால் போதும், எண்ணெய் உள்ளே இறங்கி, கிழங்கு எண்ணெயில் மிதக்கும். தோலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சுவரிலும் பலகையின் ஒவ்வொரு ஓரத்தையும் வலையும் மாவும் சுற்றிப் பின்பக்கம் வரை மடித்து மூட வேண்டும். ஜன்னலைச் சுற்றி, அடிவாரத்தில், உச்சியில், எங்கெல்லாம் பலகை முடிகிறதோ அங்கெல்லாம் கெலிம். வெள்ளைப் பொரி வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு விளிம்பு இருந்தாலும் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வில்மிங்டனுக்குப் பிறகு தொழில் திருந்தியது. எங்காவது நுழையும் என்பதை ஒப்புக்கொண்டு, நுழைந்த தண்ணீருக்கு வெளிவழி கொடுத்தார்கள். சூடான இட்லியை மூடி போட்டு அடுக்கு டிபன் கேரியரில் வைத்தால் ஆவி மூடியில் முத்துமுத்தாகக் கட்டி இட்லிமேலேயே சொட்டும், இட்லி கஞ்சியாகும். புட்டுக் குழலின் அடியில் இருக்கும் துளைச் சில்லைப் பாருங்கள், மாவு ஒரு பக்கம், தண்ணீர் மறுபக்கம், நடுவே போக்குவரத்துக்கு வழி. புதிய முறையில் சுவரின் முகத்தில் முதலில் தண்ணீர் ஏறாத ஒரு பூச்சை அடிக்கிறார்கள். அதன்மேல் பசைக் கோடுகள் மேலிருந்து கீழாக. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே குறுகிய சந்து. நுழைந்த தண்ணீர் அந்தச் சந்தில் இறங்கி அடிவாரத் துளை வழியே வெளியேறும். கோட்டைக் குறுக்காக இழுத்துவிட்டால் ஒவ்வொரு கோடும் ஓர் அணை. கரணையை எந்தத் திசையில் இழுத்தார் என்ற இந்தச் சின்ன விஷயத்தில் சுவரின் ஆயுள் மாறிவிடுகிறது.

2000களின் நடுவில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் தெற்கு கரோலினாவின் புழுக்கமான கடலோரப் பகுதியில் பல வகைச் சுவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி அளந்தது. செங்கல் முகப்பு, வழக்கமான சிமெண்டுச் சுதை ஆகியவற்றைவிட, வடிகால் வைத்த நாலு அங்குலச் செயற்கைச் சுதை நன்றாகத் தாக்குப்பிடித்தது. இந்த ஆய்வில் செயற்கைச் சுதைத் தொழில்துறைச் சங்கத்தின் பங்கும் இருந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஆனாலும் முடிவில் எனக்கு ஐயம் குறைவு. சந்து வைத்தால் வடியும் என்பது புட்டு அவிக்கும் வீட்டில் தெரிந்ததுதானே.

ஜோகூருக்கு வந்தால் இந்தப் பாடத்தில் ஒரு பக்கம் தலைகீழாகும். குளிர்நாட்டில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே ஓடும். உள்ளே சமையல், குளியல், மூச்சு, வெளியே பனி. ஆகவே அங்கே சுவரின் உள்பக்கத்தில் ஈரத்தடுப்புத் தாளை விரிப்பார்கள். இங்கே மாமாக் கடை மேசையில் இருக்கும் மைலோ ஐஸ் கிளாஸைப் பாருங்கள். கிளாஸ் எங்கும் ஒழுகவில்லை, வெளியே நனைந்திருக்கிறது. ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டுத் தண்ணீராகிறது. ஏர்கோனை 20 டிகிரியில் வைத்த அறைதான் அந்தக் கிளாஸ். நம் ஊர்க் காற்று 24 டிகிரி வாக்கில் உள்ள எதைத் தொட்டாலும் வியர்க்கும் அளவுக்கு ஈரம் சுமந்து திரிகிறது. அந்த ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கிறது. குளிர்நாட்டுப் பழக்கத்தைக் காப்பியடித்து உள்சுவரில் வினைல் தாள் ஒட்டினால், தாளுக்குப் பின்னால் கிளாஸ் வியர்க்கும். சில மாதத்தில் தாளின் ஓரம் உரியும், பின்னால் கறுப்புப் பூஞ்சை. இங்கே தடுப்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்பக்கம் மூச்சுவிடும் சாதாரணச் சாயம் போதும்.

மழையும் இங்கே நேராக விழுவதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மற்ற மாதங்களில் விடியற்காலையில் நீரிணையைத் தாண்டி வரும் சுமத்திராக் காற்று, மழையைப் படுக்கப்போட்டு மேற்குச் சுவரில் அறையும். காற்று தள்ளும் தண்ணீர் மேல்நோக்கிக்கூட ஏறும். அந்த அடியைத் தாங்குவது பூச்சு அல்ல, ஜன்னல் இடுக்கில் இருக்கும் சீலண்ட்.

சீலண்ட் என்றால் பிரஷர் குக்கரின் கேஸ்கட். குக்கர் பத்து வருஷம் உழைக்கும், கேஸ்கட் உழைக்காது. அது காய்ந்து விறைத்தால் பக்கவாட்டில் புஸ்ஸென்று ஆவி போகும், சோறு வேகாது. அதற்காக யாரும் குக்கரைத் தூக்கி எறிவதில்லை. ஜன்னல் இடுக்கில் முதலில் உருண்டையான நுரைக் கயிற்றைத் திணித்து, அதன்மேல் சீலண்டைப் பிதுக்குவார்கள். கயிறு எதற்கு? சீலண்ட் இரண்டு பக்கத்தில் மட்டும் ஒட்ட வேண்டும், ஜன்னல் சட்டத்தில் ஒன்று, சுவரில் ஒன்று. முதுகிலும் ஒட்டிக்கொண்டால் சுவர் விரிந்து சுருங்கும்போது இழுபட இடமில்லாமல் நடுவில் கிழியும். இன்னொரு நுணுக்கம்: சுவர்ப் பக்கத்தில் சீலண்டைக் கீழ்ப்பூச்சின்மேல் ஒட்ட வேண்டும், மணல்போட்ட மேல்பூச்சின்மேல் அல்ல. மேல்பூச்சு தொடர்ந்து நனைந்தால் இளகும். சீலண்ட் அதையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும்.

மூக்கில்லாத பாத்திரத்திலிருந்து பாலை மெதுவாக ஊற்றினால் பாதிப் பால் பாத்திரத்தின் வயிற்றை ஒட்டியே வழிந்து மேசையில் சிந்தும். ஜன்னல் திண்டின் அடியிலும் தண்ணீர் இதைத்தான் செய்யும். அதற்கு ஒரு மூக்கு, சொட்டவைக்கும் பள்ளம் ஒன்று வேண்டும். கார் நிறுத்தும் முகப்பின் கூரை சுவரில் வந்து முடியும் இடத்தில் ஒரு தகரத்தை வெளிப்பக்கமாக மடித்து வைக்க வேண்டும், கூரைத் தண்ணீர் சுவருக்குள் போகாமல் வெளியே பாய. வில்மிங்டனில் அழுகிய இடங்களில் பல, இந்தச் சிறிய தகரம் இல்லாத இடங்கள்தான்.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏர்கோன் மாட்டுகிறவர் வருவார். "அண்ணே, ஒரே ஓட்டைதான், அஞ்சு நிமிஷம்" என்பார். கம்ப்ரசரைத் தூக்கி நிறுத்தும் தாங்கிக்கு நாலு ஓட்டை, குழாய்க்கு ஒன்று, ஆஸ்ட்ரோ தட்டுக்கு இன்னும் நாலு. பொரி உருண்டையில் போல்டை முறுக்கினால் பொரி நசுங்கும், போல்ட் ஆடும், ஆடிய போல்ட்டைச் சுற்றி வெடிப்பு. பலகையைத் தாண்டிச் செங்கல்லில் பிடிக்கும் நீள போல்ட்டும், நசுங்காமல் தாங்கப் பலகைக்குள் ஒரு குழலும் வேண்டும். குழாய் ஓட்டையை வெளிப்பக்கம் சரிவாகத் துளைக்க வேண்டும். மட்டமாகவோ உள்பக்கம் சரிந்தோ துளைத்தால் அது மழைக்கு வைத்த புனல். வேலை முடிந்ததும் ஓட்டையைச் சுற்றி சீலண்ட். இதை அவரிடம் துளைபோடும் இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சுவர் வெறும் செங்கல், அதனால் தப்பித்தோம்.

அடுக்குமாடி என்றால் இன்னொரு சிக்கல். வெளிச்சுவர் உங்கள் சொத்தல்ல, எல்லோருக்கும் பொதுவானது. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி மாதக் கட்டணத்தோடு 10 விழுக்காடு சேமநிதிக்கு வாங்குவது, இப்படிப்பட்ட பெரிய வேலைகளுக்குத்தான். கூட்டத்தில் லிஃப்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். ஜன்னல் சீலண்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, மேல் வீட்டுக்காரரின் சுவரில் கறை வரும் வரை.

ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்தாவது ஆண்டிலும், அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறையும் பொறியாளர் சோதிக்க வேண்டும் என்கிறது 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் 85ஏ பிரிவு. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 2022 ஜனவரி முதல் 20 ஆண்டைத் தாண்டிய, 13 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்களின் முகப்பை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். நம் கோயில்களில் கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை: சாரம் கட்டி, உடைந்த சுதை விரலைத் திருத்தி, வெடிப்பை அடைத்து, வண்ணம் தீட்டி. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல் ஒரு சமூகம் முகப்புப் பராமரிப்புக்கு நாள்குறித்து வைத்திருக்கிறது என்றால் அது சாதாரண விஷயமில்லை. செயற்கைச் சுதைக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க முடியாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபரில், வடகிழக்கு மழை தொடங்குவதற்கு முன் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும். சீலண்டை விரலால் அழுத்துங்கள். ரப்பராக அமுங்கி எழ வேண்டும், விறைத்தோ பக்கத்தில் விலகியோ இருந்தால் மாற்றும் காலம். கைமுட்டியால் அங்கங்கே தட்டுங்கள், ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மாறினால் அங்கே பிடிப்பு விட்டிருக்கலாம். ஜன்னல் மூலைக்குக் கீழே பழுப்புக் கண்ணீர் வழிந்த தடம் இருந்தால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். அடிவாரத் துளைகளைச் சாயமோ மண்ணோ அடைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். புட்டுச் சில்லு அடைபட்டால் மொத்தமும் கெட்டது. தரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வெறுமையாக இருக்க வேண்டும். கரையானுக்குப் பொரி உணவல்ல, ஆனால் மண்ணிலிருந்து கூரை மரம் வரை யார் கண்ணிலும் படாமல் போகச் சொகுசான சுரங்கப்பாதை. சுவரை ஒட்டி மண் குவித்துக் கறிவேப்பிலைக் கன்று நட்டிருந்தால், கன்றை நகர்த்துங்கள்.

வடக்குச் சுவரில் பச்சைப் பாசியும் கறுப்புக் கோடும் படியும். அதைக் கண்டதும் கார் கழுவும் ஜெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. நான்ஸ்டிக் சட்டியை இரும்பு நாரால் தேய்ப்பது அது. ஜெட் பாசியை மட்டும் கிளப்பாது. மேல்பூச்சைக் கிழித்து, சீலண்ட் ஓரத்தில் தண்ணீரை உள்ளே அடிக்கும். வெளுப்பானை நிறையத் தண்ணீரில் கலந்து, கீழிருந்து மேலாக நனைத்து, சற்று நேரம் விட்டு, மென்மையான தூரிகையால் தேய்த்து, தோட்டத்துக் குழாயின் சாதாரண வேகத்தில் அலசினால் போதும். வெளுப்பானோடு கழிப்பறைத் திராவகம் எதையும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

சாயம் அடிப்பதானால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சாயம். தின்னர் கலந்ததை இந்தச் சுவரின் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். சந்தேகம் இருந்தால் போலிஸ்தரின் துண்டு ஒன்றைத் தின்னரில் போட்டுப் பாருங்கள், வாயில் போட்ட பஞ்சு மிட்டாய் மாதிரி காணாமல் போகும். வெடிப்பில் சிலிக்கானைத் தடவிவிடுவதும் பெரிய தொல்லை. அதன்மேல் பிறகு எந்தச் சாயமும் ஒட்டாது. சுவரில் நத்தை ஊர்ந்த தடம்போல் பளபளத்துக்கொண்டே இருக்கும். அடிபட்ட இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, புதுப் பலகை வைத்து, சுற்றிலும் மேல்பூச்சைச் சுரண்டி, புது வலை பழைய வலைமேல் ஏறிப் படியும்படி பூச வேண்டும். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடும்போது துணியை ஓரத்தில் கொஞ்சம் ஏற்றித் தைக்கிறோமே, அதேதான்.

தீயைச் சொல்லாமல் விட முடியாது. இந்தப் பொரி எரியும். பூச்சு முழுசாக இருக்கும் வரை தீ எட்டாது, உடைந்தால் எட்டும். ஜெர்மனியில் 22 மீட்டரைத் தாண்டிய உயரக் கட்டடங்களின் முகப்புக்கு எரியும் காப்புப் பலகையை அனுமதிப்பதில்லை, கனிமப் பஞ்சுப் பலகைதான். 2018 பிப்ரவரி 13ஆம் தேதி பெட்டாலிங் ஜெயாவில் ஊழியர் சேமநிதிக் கட்டடத்தின் முகப்பில் தீ ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அது அலுமினியக் கூட்டுத் தகடு, வேறு பொருள். ஆனால் வெளிச்சட்டை எதில் தைத்தது என்று கேட்கும் பழக்கம் அதற்குப் பிறகாவது வர வேண்டியது.

எங்கள் வீட்டுக்கு இதைப் போடவா என்றால், நான் போடவில்லை. வரிசையின் நடுவில் இருக்கும் இணைப்பு வீட்டுக்குச் சூட்டில் பெரும்பங்கு கூரையிலிருந்துதான் இறங்குகிறது. ஓட்டுக்கு அடியில் காப்புப் போடுவதற்கு முன் சுவரைப் பற்றிப் பேசுவது, சட்டியைத் திறந்து வைத்துவிட்டு அடுப்பைத் திட்டுவது. குளிரூட்டிய இடம் 4,000 சதுர மீட்டரைத் தாண்டும் அலுவலகம், மால், மருத்துவமனைகளுக்குக் கணக்கு வேறு. வெளிச்சுவர் வழியே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 50 வாட்டைத் தாண்டக் கூடாது என்று எம்எஸ் 1525 தரவிதி கேட்கிறது. அங்கே இந்தச் சட்டை தன் விலையைத் தானே மீட்கும். மேற்குப் பக்கம் முழுவதும் வெயிலுக்குத் திறந்த மூலை வீட்டுக்காரர், நாள்முழுக்க ஏர்கோன் ஓட்டுகிறவர் யோசிக்கலாம். நாங்கள் கூரைக்கடியில் கனிமப் பஞ்சு விரித்தோம், மேற்குச் சுவருக்கு வெள்ளைச் சாயம் அடித்தோம், ஜன்னலுக்கு மேல் ஒரு தகரப் பந்தல் இறக்கினோம். ஒன்பது மணிக்குச் சுவர் இன்னும் சுடுகிறது, முன்னைவிடக் குறைவாக.

ஆஸ்ட்ரோ தட்டைப் போன வருஷம் கழற்றிவிட்டோம். நாலு ஓட்டைகளும் அப்படியே இருக்கின்றன, ஒன்றில் சின்னக் குளவி கூடு கட்டியிருக்கிறது. ஹார்ட்வேர் கடையில் நுரைக் கயிறும் ஒரு குழாய் சீலண்டும் வாங்கி அடுப்படி அலமாரியில், குக்கர் கேஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மனைவி அதை இரண்டு தடவை இடம் மாற்றிவிட்டாள்.